அயனியின் மின்சுமையைக் கணக்கிடுவது எப்படி?

வேதியியல் விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் பார்க்கிறேன். 'சோடியம் அயனியில் (Na⁺) எத்தனை எலக்ட்ரான்கள்?' என்று கேட்டால், நிறையப் பேர் 12 என்று எழுதுகிறார்கள். கூட்டல் குறியைப் பார்த்ததும் கை தானாகவே 11-உடன் ஒன்றைக் கூட்டிவிடுகிறது. அட்டவணையை மனப்பாடம் செய்வதால் இது சரியாகாது. அயனி என்பது எலக்ட்ரானை இழந்த அல்லது ஏற்ற அணு அல்லது அணுத் தொகுப்பு. ஒரே ஒரு கழித்தல் போதும்: புரோட்டான்களின் எண்ணிக்கையிலிருந்து எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கழியுங்கள். வருகிற விடைதான் மின்சுமை.

முதலில் அணு எண்ணை எழுதுங்கள். புரோட்டான் எண்ணிக்கை அதுதான். வேதிவினையில் அது மாறவே மாறாது. மாறினால் தனிமமே வேறாகிவிடும். வந்து போவதெல்லாம் எலக்ட்ரான்தான். நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது என்பதால் நிறை எண்ணை (புரோட்டான், நியூட்ரான்களின் கூட்டுத்தொகை) இங்கே தொடவே வேண்டாம்.

சோடியத்தின் எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று கூடுகளில் இருக்கின்றன. வெளிக்கூட்டில் இருக்கும் அந்த ஒன்று போனால் மீதி 10. பதினொன்றில் பத்து போக, நேர்மின்சுமை 1. குளோரினில் 17 எலக்ட்ரான்கள்: 2, 8, 7. ஒன்றை ஏற்றுக்கொண்டால் 18, எனவே எதிர்மின்சுமை 1. தனிம வரிசை அட்டவணையின் தொகுதி 1, 2-இல் உள்ள உலோகங்கள் ஒன்று, இரண்டு என்று இழக்கும். தொகுதி 16, 17-இல் ஆக்சிஜன், குளோரின் போன்றவை இரண்டு, ஒன்று என்று ஏற்கும்.

இரும்பிடம் இந்தக் குறுக்குவழி செல்லாது. அதன் புரோட்டான்கள் 26. எலக்ட்ரான்கள் 24 ஆகவும் இருக்கலாம், 23 ஆகவும் இருக்கலாம். அப்போது சேர்மத்தைப் பாருங்கள். சேர்மத்தின் மொத்த மின்சுமை சுழி. ஓர் இரும்புக்கு இரண்டு குளோரைடு இருந்தால் இரும்பு 2+, அதாவது ஃபெரஸ். மூன்று இருந்தால் 3+, ஃபெரிக். ஃபெரஸ் கரைசல் வெளிர் பச்சை, ஃபெரிக் கரைசல் மஞ்சள் கலந்த பழுப்பு. ஒரே ஒரு எலக்ட்ரான் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது!

பல அணுக்கள் சேர்ந்த அயனி என்றால் எல்லாப் புரோட்டான்களையும் கூட்டுங்கள். சல்பேட்டில் கந்தகத்துக்கு 16, நான்கு ஆக்சிஜனுக்கு 32, ஆக 48. மின்சுமை 2− என்பதால் எலக்ட்ரான்கள் 50. அந்த 2− முழுத் தொகுப்புக்கும் உரியது. ஏதோ ஓர் ஆக்சிஜன் தலையில் அதைக் கட்டிவிடாதீர்கள். அம்மோனியத்தில் (NH₄⁺) நைட்ரஜனின் 7-உம் நான்கு ஹைட்ரஜனின் 4-உம் சேர்ந்து 11 புரோட்டான்கள், எலக்ட்ரான்கள் 10. சோடியம் அயனிக்கு உள்ள அதே எண்கள். இதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

விடை பின்னமாக வந்தால் எண்ணியதில் எங்கோ பிசகு. இயற்பியலாளர் மில்லிகன் எண்ணெய்த் துளிகளின் மின்சுமையை அளந்த சோதனையில் துளிகளின் மின்சுமை எப்போதும் ஓர் அடிப்படை அளவின் முழு மடங்காகவே வந்தது. அந்த அளவு சுமார் 1.602 × 10⁻¹⁹ கூலும் (மின்சுமையின் அலகு). கூலுமில் விடை வேண்டுமென்றால் அதால் பெருக்குங்கள். சல்பேட் அயனிக்கு −3.204 × 10⁻¹⁹ கூலும் வரும்.