12,34,567 பகா எண்ணா? பெரிய எண்களில் சறுக்கும் இடங்கள்

12,34,567-ஐப் பார்த்ததும் பகா எண் மாதிரிதான் தெரியும். ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 28, ஆகவே 3-ஆல் வகுபடாது. 7, 11, 13 என்று போட்டுப் பார்த்தாலும் மீதி வந்துகொண்டே இருக்கிறது. முப்பது பகா எண்களைத் தாண்டியதும் கை சலித்துப்போய் "சரி, பகா எண்தான்" என்று எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். 31-ஆவது பகா எண் 127. அதால் வகுத்தால் மீதியே இல்லாமல் 9721 வருகிறது!

சலிப்பு வந்த இடத்தில் நிறுத்தக்கூடாது, வர்க்கமூலத்தில் நிறுத்த வேண்டும். 1111-இன் வர்க்கம் 12,34,321. 1112-இன் வர்க்கம் 12,36,544. ஆகவே 1111 வரை உள்ள 186 பகா எண்களைச் சோதித்தால் போதும். இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, வர்க்கமூலத்துக்கு மேல் காரணியே கிடையாது என்பவர்களும் உண்டு. 9721 இருக்கிறதே! பெரிய காரணி ஒன்று இருந்தால் அதன் ஜோடி கீழே இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், 9721-ஐ மறுபடி 2-இலிருந்து சோதிக்கத் தொடங்குவது வீண் வேலை. அதன் வர்க்கமூலம் 99-ஐக்கூடத் தொடாது. 127-க்குக் கீழே எதுவும் 12,34,567-ஐ வகுக்கவில்லை என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று; அதன் காரணியான 9721-ஐயும் அவை வகுக்காது. எனவே 9721 பகா எண்தான்.

காரணிகளை எண்ணும்போது அடுக்குகளை மறந்துவிடுவது இன்னொரு வழக்கமான சறுக்கல். 7,20,720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. ஆறு பகா எண்கள், ஆகவே 2⁶ = 64 காரணிகள் என்பது தவறு. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. அதைவிடப் பெரிய 12,34,567-க்கோ நான்கே காரணிகள்.

4-ஆலும் 6-ஆலும் வகுபட்டால் 24-ஆல் வகுபடும் என்று நினைக்காதீர்கள். 12 ஒன்றே அதைப் பொய்யாக்கிவிடும்.

ஃபெர்மா சோதனையிலும் கவனம் தேவை. n ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2ⁿ⁻¹-ஐ n-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரும்; அப்படி வருகிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. 2³⁴⁰-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1, பகா எண்ணுக்கு வருவதுபோலவே. ஆனால் 341 = 11 × 31. சோதனையில் தோற்றால் அது நிச்சயம் பகு எண். தேறினால் எதுவும் நிச்சயமில்லை. பகு எண் என்று தெரிந்துவிட்டதால் காரணிகளும் தெரிந்துவிடும் என்றில்லை. 2⁶⁷ − 1 பகா எண் அல்ல என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வார் லூக்கா 1876-இல் காட்டினார். அதன் காரணிகளான 193707721, 761838257287 இரண்டையும் 1903-இல்தான் அமெரிக்கக் கணித அறிஞர் ஃபிராங்க் கோல் கொடுத்தார்.

கடைசியாகக் கணினி. எக்செல் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். 1234567890123456789 என்று தட்டினால் 1234567890123450000 ஆகிவிடும். ஒற்றைப்படை எண் சத்தமில்லாமல் இரட்டைப்படை ஆகிவிட்டது! அதன்மேல் எந்தச் சோதனை நடத்தியும் பயனில்லை. இப்படிப்பட்ட எண்களுக்குப் பைத்தான் போல முழு எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் நிரல்மொழியைப் பயன்படுத்துங்கள்; அதிலும் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு (/) வேண்டாம், அது விடையைத் தசம எண்ணாக்கி இலக்கங்களைத் தொலைத்துவிடும்; இரட்டைச் சாய்கோடு (//) போடுங்கள்.