ஜீப்பில் எலக்ட்ரிக் ஃபேன்: மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மஹிந்திரா ஜீப், மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் பலருக்கு ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வந்துவிடுகிறது: பெல்ட்டில் ஓடும் ரேடியேட்டர் ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டிவிடலாம். எண்ணத்தில் தவறில்லை. கொழுக்குமலை மாதிரியான கரடுமுரடான ஏற்றத்தில் லோ கியரில் ஊர்ந்து போகும்போது இன்ஜின் மெதுவாகத்தான் சுற்றும், ஃபேனும் அதோடு சேர்ந்து மெதுவாகவே சுற்றும். அந்த வேகத்தில் முன்னாலிருந்து காற்றும் வராது. எலக்ட்ரிக் ஃபேன் இன்ஜின் வேகத்தைப் பார்க்காமல் முழு வேகத்தில் ஓடும். ஓடையில் இறங்கும்போது அதை நிறுத்தியும் வைக்கலாம். ஆனால் இதுவரை ஒரு பெல்ட் செய்துவந்த வேலையை இனி ஒயர், ரிலே (சின்ன மின்சாரத்தில் இயங்கிப் பெரிய மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்), ஆல்டர்நேட்டர் (இன்ஜின் பெல்ட்டில் ஓடி மின்சாரம் தரும் கருவி) மூன்றும் சேர்ந்து செய்யப்போகின்றன. ஃபேனுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு இந்த மூன்றில் சிக்கனம் பார்ப்பதால்தான் பெரும்பாலான வண்டிகள் மலையில் நின்றுபோகின்றன.

அதற்கும் முன்னால் நடக்கும் தவறு ஒன்று உண்டு. வண்டி சூடாகிறது, அதனால் ஃபேன் மாற்றுகிறேன் என்பது. ரேடியேட்டர் ட்யூபில் உப்புப் படிந்திருக்கலாம், வெளியே சேறு அடைத்திருக்கலாம், சூடு ஏறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கியிருக்கலாம், இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இவற்றில் எதையும் புது ஃபேன் சரிசெய்யாது. ரேடியேட்டர் மூடியைப் பலர் பார்ப்பதே இல்லை. நல்ல மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் போய்விட்டால், ஊட்டி உயரத்தில் வெறும் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி மேலே போய்ப் பொங்குவதற்கு இதுவே போதும்.

ஜிப்ஸியில் ஃபேன் கிளட்ச் இருக்கிறது. உள்ளே சிலிக்கான் எண்ணெய். சூடு ஏறினால் ஃபேனை இறுக்கிப் பிடிக்கும், குளிர்ந்தால் விட்டுவிடும். இன்ஜினை நிறுத்தி, சூடாக இருக்கும்போதே ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் சுழன்றுகொண்டே போனால் கிளட்ச் போய்விட்டது என்று அர்த்தம். கிளட்ச்சை மட்டும் மாற்றினாலே பல வண்டிகளுக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பவர் கூடும் என்ற கணக்கையும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அது தின்னும் சக்தி எட்டு மடங்காகிறது. அதனால் கிளட்ச் இல்லாத பழைய ஃபேன், நெடுஞ்சாலை வேகத்தில் நிஜமாகவே பவரைக் குடிக்கிறது. கிளட்ச் உள்ள ஃபேன் அந்த வேகத்தில் பெரும்பாலும் நழுவிக்கொண்டுதான் இருக்கும். எலக்ட்ரிக் ஃபேனும் இலவசமாக ஓடுவதில்லை. 20 ஆம்பியர் எடுக்கும் ஃபேனுக்கு ஏறக்குறைய 270 வாட் மின்சாரம் வேண்டும். ஆல்டர்நேட்டரில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் அரைக் குதிரைத்திறனுக்கு மேல் அதே பெல்ட்டிலிருந்துதான் வருகிறது.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, மாற்றத்தான் போகிறோம். ஃபேன் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட சிஎஃப்எம் எண்ணை (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பதை) நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். அது பெரும்பாலும் எதிரே எந்தத் தடையும் இல்லாமல் அளந்த எண். ஏசி கண்டென்சரையும் தடிமனான ரேடியேட்டரையும் தாண்டி இழுக்கும்போது காற்று வெகுவாகக் குறையும். பெரிய கார்களிலிருந்து கழற்றிய கம்பெனி ஃபேன், அதைச் சுற்றி ரேடியேட்டரை மூடும் கவரோடு சேர்த்துக் கிடைத்தால், பெயர் தெரியாத புது ஃபேனைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன். அது ஒரு ரேடியேட்டருக்காகக் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது.

கவர் என்பது அலங்காரம் இல்லை. ஃபேனை நேரடியாக ரேடியேட்டரில் ஒட்டி வைத்தால், அந்த வட்டத்துக்குள் மட்டும்தான் காற்று ஓடும், நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். ரேடியேட்டர் முழுவதையும் மூடும் கவரும், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஓரிரு அங்குல இடைவெளியும் இருந்தால் அதே மோட்டார் முழுப் பரப்பிலிருந்தும் காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் துடுப்புகள் (ட்யூப்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகள்) வழியாகப் பிளாஸ்டிக் டை கோத்து ஃபேனைக் கட்டுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சாலையில் தாங்கலாம். பாறைப் பாதையில் வண்டி குலுங்கக் குலுங்க, ஃபேனின் எடை முழுதும் அந்த மெல்லிய ட்யூப்களை ராவும். ஒரு நாள் ஒழுகத் தொடங்கும். பக்கவாட்டு ஃபிரேமில் பட்டை அடித்து போல்ட் போடுவதுதான் முறை.

ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து இழுக்கும் ஃபேனே நல்லது. முன்னால் வைத்துத் தள்ளும் ஃபேன் வரும் காற்றையே மறைக்கும், சேறும் கல்லும் முதலில் அதன்மேல்தான் விழும். இணைப்பு மாறிப்போய் ஃபேன் எதிர்த்திசையில் ஓடுவதும் நடக்கிறது. கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். உள்ளே ஒட்டிக்கொண்டால் சரி.

இப்போது ஒயரிங். ஃபேனைக் கழற்றி மாட்டுவது ஒரு மதியத்து வேலை, ஒயரிங்கில்தான் பொறுமை வேண்டும். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து அதன் வழியாகவே மொத்த மின்சாரத்தையும் கொண்டுபோவது பெரிய ஆபத்து. சுவிட்ச் ரிலேயை இயக்க வேண்டும், ரிலே ஃபேனை இயக்க வேண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் இழுக்கும். மலிவான ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்வதும், அதன் சாக்கெட் உருகுவதும் இதனால்தான். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இடையில் ஒயர் உரசி பாடியைத் தொட்டாலும் தீப்பிடிக்காமல் அது காப்பாற்றும்.

ஒயரின் கனத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் போய்வரும் தூரம் 4 மீட்டர் என்றால், 20 ஆம்பியரில் ஏறக்குறைய 1 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். சரியாக முறுக்காத இணைப்பும், பெயிண்ட் மேல் மாட்டிய எர்த்தும் இன்னும் கொஞ்சம் தின்னும். ஃபேன் ஓடுவது போலத்தான் தெரியும், ஆனால் தள்ளும் காற்று குறைந்திருக்கும். 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுங்கள், எர்த் இடத்தைப் பளபளவென்று சுரண்டுங்கள். ஃபேன் ஓடும்போது மோட்டார் முனையிலும் பேட்டரியிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ பலவீனம் இருக்கிறது.

சாவியை மூடிய பிறகும் இன்ஜின் ஓரிரு நொடி ஓடினால் குழம்ப வேண்டாம். சுழன்றுகொண்டிருக்கும் ஃபேன் மோட்டாரே டைனமோவாக மாறி இக்னிஷன் லைனுக்கு மின்சாரம் அனுப்புகிறது. ஃபேனின் மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து தனியாக எடுத்து, ரிலேயின் சுருளுக்கு மட்டும் இக்னிஷனைக் கொடுத்தால் தீர்ந்தது.

ஆல்டர்நேட்டரை மறப்பதுதான் இருட்டிய பிறகு மாட்டிவிடும் தவறு. ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர், கூடுதலாக மாட்டிய இரண்டு 55 வாட் விளக்குக்கு 9, ஃபேனுக்கு 20, வைப்பர், இன்ஜினின் சொந்தத் தேவை என்று கூட்டுங்கள். ஆல்டர்நேட்டர் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் அது வேகமாகச் சுற்றும்போது தருவது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலில் அதில் பாதி கிடைப்பதே பெரிது. மழை இரவில் ஊர்ந்து போகும் வண்டி பேட்டரியைத்தான் தின்றுகொண்டிருக்கும். சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் மின்சாரம் இழுத்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் சென்சார். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கிறதென்றால், ஃபேன் 92 வாக்கில் ஓடத் தொடங்கி 87 வாக்கில் நிற்கட்டும். நிற்கும் அளவைத் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே வைத்தால், வெயில் காலத்தில் ஃபேன் நிற்கவே நிற்காது. ரேடியேட்டர் துடுப்புக்குள் குச்சி மாதிரி செருகும் சென்சார் எனக்குப் பிடிப்பதில்லை. குலுக்கலில் நழுவிவிடும், உள்ளே ஓடும் கூலண்ட் தண்ணீரைத் தொடுவதும் இல்லை. இன்ஜினிலிருந்து சூடான தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் திருகி மாட்டும் சென்சார் மேல். ஏசி போட்டால் ஃபேனும் ஓடும்படி அந்த லைனையும் ரிலேயோடு சேர்க்க மறக்கக் கூடாது.

தண்ணீரில் இறங்குவதற்குமுன் நிறுத்த ஒரு கை சுவிட்ச் கட்டாயம் வேண்டும். சுழலும் இறக்கை தண்ணீரை அடித்தால் முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் கீறும். இந்த ஆபத்து பெல்ட் ஃபேனிலும் உண்டு, எலக்ட்ரிக் ஃபேனிலும் உண்டு. கரையேறியதும் மறுபடி போட மறந்தால் அடுத்த ஏற்றத்திலேயே சூடு ஏறும். அதனால் ஃபேன் நிறுத்தியிருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு ஒன்றை மீட்டர் பக்கத்தில் வையுங்கள். ரிலேயும் ஃப்யூஸும் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சின்னதாக ஒன்று: பல இன்ஜின்களில் ஃபேனையும் வாட்டர் பம்ப் புல்லியையும் ஒரே போல்ட்கள்தான் பிடிக்கின்றன. ஃபேனைக் கழற்றிவிட்டு அதே நீள போல்ட்டைத் திருப்பிப் போட்டால் புல்லி இறுகாது, அல்லது போல்ட் முனை உள்ளே போய் இடிக்கும். குட்டை போல்ட்டோ சரியான வாஷரோ போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் உடனே மலைக்குக் கிளம்ப வேண்டாம். உச்சி வெயிலில், ஏசி போட்டு, ஹெட்லைட் எரியவிட்டு அரை மணி நேரம் ஐடிலில் நிறுத்துங்கள். சூடும் வோல்ட்டும் இரண்டுமே நிலையாக நின்றால், பக்கத்தில் எங்காவது ஒரு நீண்ட ஏற்றத்தில் லோ கியரில் ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பழைய ஃபேனையும் அதன் போல்ட்களையும், ஒரு உபரி ரிலேயையும், இரண்டு ஃப்யூஸையும் வண்டியில் போட்டு வையுங்கள். புதுக் கவர் இடத்தை அடைக்காத வண்டிகளில், மோட்டார் எரிந்துபோனாலும் பழைய ஃபேனை மாட்டிக்கொண்டு இறங்கிவிடலாம்.