மலை பார்க்கக் கண்ணாடி அறை: ஜன்னல் விசயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

கோயமுத்தூர் வடவள்ளிப் பக்கம் எங்கள் வீட்டின் பின்புறம் 12-க்கு 10 அடியில் ஒரு கண்ணாடி அறையைச் சேர்த்துக் கட்டினோம். மேற்கே மலை தெரியும், சாயங்காலம் காப்பியோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஆசை. மாசி பிறந்தது. மதியம் 2 மணிக்கு மேல் அதற்குள் யாரும் கால் வைக்க முடியவில்லை. அம்மாதான் அந்த அறைக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார். "ஏங்கண்ணு, தேங்காப் பருப்பு களத்துலயவிட இங்க சீக்கிரம் காயுது, மழைக்கு அள்ளற வேலையும் இல்ல" என்று பாராட்டு வேறு. சில லட்சம் செலவழித்து உலர்களம் கட்டியவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

சன்ரூம் என்கிற இந்தக் கண்ணாடி அறை குளிர் நாட்டுக்காரர்களின் ஏற்பாடு. பனிக்காலத்தில் கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் பிடித்து வீட்டுக்குள் அடைத்து வைக்கத்தான் அவர்கள் அதைக் கட்டுகிறார்கள். சாதாரண வெள்ளைக் கண்ணாடி, தன்மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். அது தரையையும் சோபாவையும் சூடாக்கும். சூடான தரை திருப்பி விடுகிற வெப்பக் கதிர் வேறு வகை, அதைக் கண்ணாடி வெளியே விடாது. உள்ளே வந்தது வந்ததுதான். நமக்கு வேண்டியது வெளிச்சம், அவர்களுக்கு வேண்டியது வெயில். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் மூன்று பக்கமும் 7 அடி உயரத்துக்குக் கண்ணாடி போட்டோம், கூட்டிப் பார்த்தால் 200 சதுர அடிக்கு மேல். தேசிய கட்டிட விதித்தொகுப்பில், வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களுக்கே ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு, வறண்ட வெப்பமான ஊர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு என்றுதான் குறைந்தபட்ச அளவு சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அறைக்கு ஆறில் ஒரு பங்கு என்றால் 20 சதுர அடி. அஞ்சுக்கு நாலில் ஒரே ஒரு ஜன்னல்! அதைவிடக் கூடுதலாக வைக்கலாம், தப்பில்லை. பத்து மடங்கு வைத்ததுதான் கிறுக்குத்தனம்.

கோயமுத்தூரின் மேற்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மலை மேற்கே, மதிய வெயில் மேற்கே, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் மேற்கே. பார்க்க ஆசைப்படுகிற திசையே வேண்டாத எல்லாவற்றையும் அனுப்புகிற திசை. "2 அடி சன்ஷேட் போட்டுட்டா வெயில் வராதுங்க" என்று மேஸ்திரி சொல்வார், நானும் நம்பினேன். உச்சி வெயிலுக்கு அது சரி. மேற்கு ஜன்னலுக்கு வருவது சாய்ந்த வெயில். சித்திரையில் 4:20 மணி வாக்கில் சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அப்போது 2 அடி சன்ஷேட்டின் நிழல் கண்ணாடியில் ஒன்றேகால் அடிகூட இறங்காது. 4 அடி ஜன்னல் என்றால் மீதி முழுவதும் வெயில்.

அப்படியென்றால் மலையைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம், அதற்கு முழுச் சுவர் கண்ணாடி தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கும். நாங்கள் கடைசியில் மேற்குப் பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்தோம், தரையிலிருந்து 3 அடிக்கும் 5 அடிக்கும் நடுவில் மட்டும் நீளமாக ஒரு ஜன்னல் விட்டு, அதைச் சுற்றி இரண்டரை அடி ஆழத்துக்குப் பெட்டி மாதிரி கான்கிரீட் இழுத்தோம். சித்திரையில்கூட மூன்றே முக்கால் மணி வரைக்கும் கண்ணாடியில் வெயில் படுவதில்லை. அதற்கப்புறம் வெளிப்பக்கம் மூங்கில் தட்டியை இறக்கிவிடுகிறோம், 6 மணிக்கு ஏற்றினால் மலை நிற்கிறது. தட்டி வெளியே இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். உள்ளே தொங்குகிற திரை எவ்வளவு கனமாக இருந்தாலும், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபிறகுதான் அதைத் தடுக்கும். சூடாவது திரை, திரை இருப்பது உங்கள் அறை.

இன்னொரு தவறு, மார்கழியில் இடத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் முடிவு செய்வது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், மறைவது நேர் மேற்கிலிருந்து 24 டிகிரி தெற்கே. ஆனியில் அதே 24 டிகிரி வடக்கே போய் மறையும். மாப்பிள்ளை ஒருவர் வடக்குப் பக்கம் வெயிலே வராது என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு சன்ஷேடே இல்லாமல் வடக்குச் சுவரில் பெரிய கண்ணாடி வைத்தார். அது டில்லிக்கும் அதற்கு மேலே உள்ள ஊர்களுக்கும் ஓரளவு பொருந்தும். நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரைக்கும் நமக்கு உச்சிச் சூரியனே வடக்குப் பக்கம்தான். நல்லவேளையாக அது செங்குத்தாக இருப்பதால் ஒன்றரை அடி சன்ஷேட் போதும், காலை மாலை வெயிலுக்குப் பக்கவாட்டில் முக்கால் அடி வெளியே நீட்டி நிற்கிற ஒரு சுவர் இருந்தால் இன்னும் நல்லது. இப்படிச் செய்துவிட்டால் வடக்கைவிட நல்ல திசை இல்லை, நாளெல்லாம் கண் கூசாத வெளிச்சம். கிழக்கும் சரிதான், காலை 9 மணிக்கு மேல் வெயில் பொறுக்க முடியாது, அவ்வளவுதான். இடம் இருக்கிறவர்கள் வடகிழக்கில் இந்த அறையை வையுங்கள். ஈசானிய மூலை என்று வாஸ்துக்காரரும் தலையாட்டிவிடுவார், ஒரு சண்டை மிச்சம்.

கூரையில் கண்ணாடி வைப்பதைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். நம்மூரில் அதிக வெயில் வாங்குகிற பரப்பே கூரைதான். என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் சமையல்கட்டுக்கு மேலே சீமை ஓட்டுக்கு நடுவில் இரண்டே இரண்டு கண்ணாடி ஓடு. அந்தப் புகைக்குள் அரிசியில் கல் பொறுக்குகிற அளவுக்கு வெளிச்சம் இருக்கும், தரையில் விழுகிற வெளிச்சக் கட்டம் ஆட்டுக்கல்லுக்கு வந்தால் மணி என்ன என்று அம்மிச்சி சொல்லிவிடுவார். வெளிச்சம் மேலிருந்து வந்தால் எவ்வளவு கொஞ்சம் போதும் என்பதற்கு அதுதான் கணக்கு. எப்படியும் கண்ணாடிதான் வைப்பேன் என்றால் இரண்டு கண்ணாடியை நடுவில் பிசின் தாள் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியாக வாங்குங்கள். சூடேற்றி இறுக்கிய டஃபண்டு கண்ணாடி மட்டும் போட்டால், ஒரு தேங்காய் விழுந்து உடைந்தால் அத்தனை துண்டும் தலையில் கொட்டும். லேமினேட்டட் உடைந்தாலும் தாளில் ஒட்டி நிற்கும். பாலிகார்பனேட் ஷீட்டில் புற ஊதாக் கதிர் தாங்குகிற பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கம் மேலே பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டுச் சில வருசத்தில் மஞ்சளாகிவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் நிறைய.

இப்போது யாருமே யோசிக்காத விசயம். புதிய அறைக்கு வெளிச்சம் வருகிறது, பழைய ஹால் இருட்டாகிவிடுகிறது. ஜன்னல் வெளிச்சம், தரையிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் உபயோகப்படுகிற அளவுக்கு உள்ளே போகும். 7 அடி லிண்டல் என்றால் 14 முதல் 17 அடி. ஹால் ஜன்னலுக்கு முன்னால் 10 அடிக்கு ஒரு அறையைக் கட்டினால் அந்தத் தூரத்தில் பாதிக்கு மேல் புதிய அறையே தின்றுவிடும். எங்கள் வீட்டில் பகல் 11 மணிக்கு ஹாலில் லைட் போட வேண்டியதாகிவிட்டது. புதிய கூரையை எட்டரை அடியிலேயே நிறுத்தி, ஹால் சுவரில் அதற்கு மேலே மிச்சமிருக்கிற ஒன்றரை அடியில் வரிசையாக வெண்டிலேட்டர் வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் நடுவாசலிலிருந்து தாழ்வாரம் வழியாக உள்ளறைக்கு வெளிச்சம் போகும், அந்த வழியை யாரும் மறிக்காமல் இருந்தார்கள். நாம் முதலில் மறித்துவிட்டு அப்புறம் எல்.இ.டி. வாங்குகிறோம்.

ஸ்லைடிங் ஜன்னல் வாங்குகிறவர்கள் பாதிதான் திறக்கும் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. 5 அடி ஜன்னல், காற்றுக்கு இரண்டரை அடி. சூட்டை வெளியேற்ற வேண்டிய அறையில் கதவு மாதிரி முழுதாகத் திறக்கிற ஜன்னல்தான் நல்லது, ஆனால் ஆடிக் காற்றில் அது படீரென்று அடித்துக்கொள்ளும், அதனால் பிடித்து நிறுத்துகிற ஸ்டே இல்லாமல் வாங்காதீர்கள். மேற்குப் பக்கம் ஸ்லைடிங்தான் என்றால் டிராக்கில் தண்ணீர் வெளியேறுகிற சின்ன ஓட்டைகள் உண்டு, செம்மண் தூசி அடைத்துக்கொண்டால் சாரல் தண்ணீர் டிராக்கை நிரப்பி உள்பக்கம் வழியும். ஜன்னல் அடிக்கல்லை வெளிப்பக்கம் சரிவாக வைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். சூடான காற்று மேலே ஏறி நிற்கும் என்பதால் கூரையை ஒட்டி எதிர்ப்பக்கம் ஒரு திறப்பு வேண்டும், கொசுவலை போட்ட, துளைகள் உள்ள ஜாலிக்கல் போதும்.

நீலக் கண்ணாடி, கண்ணாடி மாதிரி முகம் தெரிகிற கண்ணாடி இதெல்லாம் வெப்பத்தைக் கொஞ்சம் குறைக்கும், கூடவே வெளிச்சத்தையும் குறைத்து மீன்தொட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி ஆக்கிவிடும். ராத்திரி லைட் போட்டால் வெளியே போகிறவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கு உங்கள் முகம்தான் தெரியும். டஃபண்டு கண்ணாடியை ஆர்டர் கொடுப்பதற்கு முன் அளவை இரண்டு தடவை எடுங்கள். சூடேற்றி இறுக்கிய பிறகு அதை அறுக்கவோ துளை போடவோ முடியாது.

முன்புறமும் பக்கத்திலும் சைட்டில் விட வேண்டிய காலியிடத்தில் இந்த அறையை நீட்டிவிடாதீர்கள். கண்ணாடிதானே, கட்டடம் இல்லையே என்று சொன்னால் மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வரைபட அனுமதி இதற்கும் வேண்டும். அப்புறம் பக்கத்து சைட் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைக்குத் தென்னை தெரிகிற ஜன்னலுக்கு எதிரே நாளைக்கு இரண்டு மாடிச் சுவர் எழும்பும். சைட் காலியாக இருந்தால் சுவர் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டே ஜன்னலை உயரத்தில் வையுங்கள், வானம் தெரிகிற மாதிரி.