‘பீர்தானே’ என்று தொடங்கும் தவறுகள்

‘இன்னைக்கு அளவாத்தான்’ என்று சொல்லிக்கொண்டு உட்காருவது ஒரு விதியே அல்ல. அளவு எவ்வளவு என்று முதல் கிளாஸுக்கு முன்பே எண்ணில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவதுக்கு அப்புறம் கணக்கு தானாக இளகிவிடும்.

அந்த எண்ணையும் பெரும்பாலோர் கிளாஸில் எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது ஆல்கஹாலை. மில்லிலிட்டரை பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 40 சதவீத விஸ்கி 30 மி.லி., அதாவது ஒரு ஸ்மால் பெக் என்றால் ஏறக்குறைய 9.5 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் அரை லிட்டரில் 31 கிராமுக்கு மேல். ‘பீர்தானே’ என்பவர் மூன்று ஸ்மால் பெக் உள்ளே தள்ளியிருக்கிறார்.

கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். காபி, மோர், பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அதை அவசரப்படுத்தாது. அதே பீரில் மூன்று குடித்து இரவு ஒரு மணிக்குக் குடியை முடித்தவருக்குக் காலை எட்டு மணிக்கும் ரத்தத்தில் ஆல்கஹால் இருக்கலாம். ‘தூங்கி எழுந்தாச்சு’ என்று வண்டிச் சாவியை எடுப்பது அதனால்தான் மோசமான தவறு. யார் ஓட்டுவது என்று முன்பே பேசிவைத்தால், அவருக்கு ‘ஒண்ணே ஒண்ணு’ கூடக் கிடையாது.

கூட்டத்துக்கும் விதி வேண்டும். பாதி காலியான கிளாஸை அடுத்தவர் நிரப்பிவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. உபசாரம் என்ற பெயரில் நடக்கும் இந்த வேலைதான் எனக்கு ஆகவே ஆகாது. ‘வேண்டாம்’ என்றவரிடம் காரணம் கேட்காதீர்கள். அவர் கர்ப்பமாக இருக்கலாம், மாத்திரை சாப்பிடலாம், சும்மா பிடிக்காமலும் இருக்கலாம். மயங்கியவரை ‘தூங்கட்டும்’ என்று தனியே விடுவது உயிருக்கே ஆபத்து. வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எழுப்பியும் எழாவிட்டால் உடனே ஆம்புலன்ஸ்.

வாரம் முழுக்க விட்டுவிட்டு சனிக்கிழமை சேர்த்துக் குடிப்பதைக் கட்டுப்பாடு என்று நினைக்க வேண்டாம். ‘குறைவாகக் குடித்தால் நல்லது’ என்பதும் சரியில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

தினமும் நிறையக் குடிப்பவருக்கு இந்த விதிகள் போதாது. அவர் வைராக்கியத்தில் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.