தராசு அனுப்பாத எடை: சீரியல் தரவை பிஎல்சியில் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டியாபீஸ். முந்திரிப் பருப்பை டின்னில் நிரப்பும் இடம். டின்னுக்கு 11.34 கிலோ, அதாவது 25 பவுண்டு. தராசின் எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து ஆர்எஸ்-232 கேபிள் (எழுத்தெழுத்தாகத் தரவு அனுப்பும் சீரியல் இணைப்பு) பிஎல்சிக்கு, அதாவது இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினிக்கு, வருகிறது. எடை சேர்ந்ததும் பிஎல்சி பருப்பு கொட்டும் கேட்டை மூட வேண்டும். புரோகிராம் எழுதியது நான்தான். "அண்ணா, இந்த டின்னும் கொறையுதே" என்று பேக்கிங்கில் நின்ற அக்கா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் தராசில் 11.05. கேட்டை மூட வைத்த எடையாக பிஎல்சி பதிந்திருந்ததோ 11.97.

தராசு அந்த எண்ணை அனுப்பவே இல்லை. வரும் எழுத்துகள் தங்கும் பஃபரை ஸ்கேன் ஸ்கேனாக, அதாவது புரோகிராம் சுற்றும் ஒவ்வொரு முறையும், பதிந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. முந்தைய ரீடிங் 10.97, அடுத்தது 11.02. புதிய எழுத்துகள் பழையவற்றின் மேல் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. "11." வரை வந்திருந்த நேரத்தில் என் லேடர் புரோகிராம் அதை எடுத்துவிட்டது, பின்னால் பழைய "97" அப்படியே கிடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9600 பாட் ரேட்டில் (நொடிக்கு 9600 பிட்) ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட், ஆக நொடிக்கு 960 எழுத்து. 18 எழுத்துள்ள செய்தி வந்து சேர ஏறத்தாழ 19 மில்லிசெகண்ட் ஆகும். ஸ்கேன் 5 மில்லிசெகண்ட் என்றால், ஒரே செய்தி வருவதற்குள் புரோகிராம் மூன்று நான்கு முறை சுற்றிவிடும். பாதிச் செய்தியைப் படிப்பது எப்போதோ நடக்கும் விபத்து அல்ல, தினமும் நடக்கும். ஆகவே முடிவு எழுத்து (பெரும்பாலும் லைன் ஃபீட், மதிப்பு 10) வரும்வரை பஃபரைத் தொடாதீர்கள். வந்ததும் நீளம் சரியா என்று பார்த்து, முழுச் செய்தியையும் வேறு ரிஜிஸ்டருக்கு (பிஎல்சியின் நினைவிடம்) நகல் எடுத்து, அங்கே வைத்து எண்ணாக மாற்றுங்கள்.

எண்ணாக மாற்றுவதிலும் சறுக்கல் உண்டு. தராசு அனுப்பும் '1' ஆஸ்கியில் (எழுத்துக்கு எண் தரும் குறியீட்டு முறை) 49, அதில் 48-ஐக் கழித்தால்தான் 1 கிடைக்கும். ஒரு ரிஜிஸ்டருக்கு இரண்டு எழுத்து வீதம் அடுக்கும்போது சில பிஎல்சிகளில் முன்பின் மாறி, 12 என்பது 21 ஆகிவிடும். முன்னால் வரும் வெற்றிடத்தின் மதிப்பு 32. அதை எண்ணாக எடுக்காமல் விட்டுவிட வேண்டும்.

பேரிட்டி, அதாவது பிழை பிடிக்க எழுத்தோடு சேர்த்து அனுப்பும் பிட், அதில் வரும் தவறு இதைவிடக் கள்ளத்தனமானது. தராசு 7 பிட், ஈவன் பேரிட்டி (1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும்). பிஎல்சி 8 பிட், பேரிட்டி இல்லை என்று வைத்திருக்கிறீர்கள். இரண்டுமே மொத்தம் 10 பிட் என்பதால் போர்ட் எந்த எரரும் காட்டாது. 0, 3, 5, 6, 9 சரியாக வரும். 1, 2, 4, 7, 8 மட்டும் 128 கூடி வரும். 49 வரவேண்டிய இடத்தில் 177. "சில நேரம் சரியா வருது, சில நேரம் வரல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வயரிங்கைப் பொறுத்தவரை, ஆர்எஸ்-232-ஐ 15 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். தூரம் என்றால் ஆர்எஸ்-485, இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் ஐஸ் பிளான்ட் வேலை என்றால் கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேபிள் கழன்றால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே யோசிக்க வேண்டும். கடைசியாக வந்த 9.80 ரிஜிஸ்டரில் அப்படியே நிற்கும். கேட் திறந்தே இருக்கும். பருப்பு தரையில் கொட்டும். முழுச் செய்தி வரும்போதெல்லாம் ரீசெட் ஆகும் டைமர் ஒன்று வையுங்கள். ஒரு நொடி எதுவும் வரவில்லை என்றால் கேட்டை மூடி அலாரம் அடிக்கட்டும். அந்த நேரத்தில் எடை ரிஜிஸ்டரில் மட்டும் 0 எழுதிவிடாதீர்கள். காலி டின் வந்துவிட்டது என்று நினைத்துப் புரோகிராமே கேட்டைத் திறந்துவிடும்.