ஜூலுவையும் சிங்களத்தையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலு, தென்னாப்பிரிக்காவில் குவாஜூலு-நட்டால் மாகாணத்தை மையமாகக் கொண்ட மொழி. அந்த நாட்டில் அதிக வீடுகளில் பேசப்படுவதும் அதுதான். சிங்களம் இலங்கையின் பெரும்பான்மை மொழி. முன்னது ஆப்பிரிக்காவின் பாந்து குடும்பம், பின்னது இந்தி போன்ற மொழிகளின் இந்தோ-ஆரியக் குடும்பம், இரண்டுக்கும் உறவே இல்லை. அப்படியிருக்க எதற்கு ஒப்பிட வேண்டும் என்றால், உறவில்லை என்பதால்தான். எங்கே ஒற்றுமை தெரிந்தாலும் "ஒரே மூலமொழியிலிருந்து வந்திருக்கும்" என்று சொல்லித் தப்ப முடியாது, வேறு காரணம் தேடியாக வேண்டும். அந்தத் தேடலில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதலில் சொல் ஒற்றுமை. ஜூலுவில் பள்ளிக்கூடம் 'இசிகோலே', சிங்களப் பேச்சில் 'இஸ்கோலே'. பார்த்தவுடன் ஆச்சரியமாக இருக்கும், ஆனால் இரண்டும் ஐரோப்பியர்களிடமிருந்து தனித்தனியாக வாங்கிய சொற்கள். முன்னால் நிற்கும் 'இ'கூட வேறு வேறு. சிங்களத்தில் அது இலக்கண வேலை எதுவும் இல்லாத வெறும் ஒலி, நம் ஊரில் 'இஸ்கூல்' என்பார்களே அது போல. ஜூலுவிலோ 'இசி' என்பது ஏற்கெனவே இருக்கிற ஒரு பெயர்ச்சொல் முன்னொட்டு ('இசிஜூலு' என்ற மொழிப் பெயரிலும் அதுதான் இருக்கிறது), வந்த சொல்லை அந்த வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். அதனால்தான் பன்மையில் 'இசி' (isi) என்பது 'இஸி' (izi) ஆகி, 'இஸிகோலே' என்று முன்பக்கம் மாறுகிறது. சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த சொல்லை அந்த மொழி என்ன செய்தது என்று பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

உறவுப்பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். ஜூலுவில் 'உபாபா' என்றால் அப்பா, சிங்களத்தில் 'பபா' என்றால் குழந்தை. குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகளால் ஆன சொற்கள் உலகம் முழுக்க இப்படித்தான் ஒத்துப்போகும், அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் அம்மாவின் தங்கையை இரண்டு மொழிகளுமே 'சிறிய அம்மா' என்ற பொருளில்தான் அழைக்கின்றன. சிங்களத்தில் 'புஞ்சி அம்மா', நமக்குச் சின்னம்மா. அம்மாவின் சகோதரிகளைத் தாய் வரிசையில் வைத்து, சகோதரனை மட்டும் தனிப் பெயரிட்டு மாமனாகப் பிரிக்கும் குடும்ப அமைப்பின் ஒற்றுமை அது. மொழி உறவுக்கு ஆதாரம் ஆகாது.

அப்புறம், தமிழர்கள் மட்டும் செய்யும் ஒரு தவறு: தமிழையே அளவுகோலாக வைப்பது. ஜூலுவில் 'ங்கியகுதான்டா' என்பது ஒரே சொல், பொருள் 'நான் உன்னை நேசிக்கிறேன்'. ங்கி (நான்), ய (நிகழ்காலம்), கு (உன்னை), தான்டா (நேசி). இதைப் பார்த்ததும் "அட, தமிழ் மாதிரியே ஒட்டு மொழி" என்று துள்ளிக் குதித்து உறவு கொண்டாடுபவர்கள் உண்டு. தமிழில் எல்லாம் பின்னால் ஒட்டும். ஜூலுவில் யார், எப்போது, யாரை என்பதெல்லாம் வினையடிக்கு முன்னால் வந்து நிற்கும், பின்னாலும் ஒட்டு உண்டு. எதிர்மறை இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளும்: 'அங்கிகுதான்டி', நேசிக்கவில்லை. சிங்களமோ சொல் வரிசையில் நம்மோடு அப்படியே ஒட்டிப்போகும், 'மகே பொத்த' என்றால் 'என் புத்தகம்'. அதனால் அது தமிழிலிருந்து பிறந்தது என்று முடிவு கட்டுவதும் தவறுதான். தமிழோடு நெடுங்காலம் பழகி வாக்கிய அமைப்பில் நிறையப் பெற்றிருக்கிறது, சரி. ஆனால் ஒன்று முதல் ஐந்து வரை எண்களைப் பாருங்கள்: எக்க, தெக்க, துன, ஹதர, பஹ. இவை தமிழ் இல்லை, இந்தோ-ஆரியம். மாலத்தீவின் திவெஹி மொழிதான் அதற்கு மிக நெருங்கிய சொந்தம்.

ஜூலுவின் பெயர்ச்சொல் வகுப்புகளை ஆண்பால், பெண்பால் என்று மொழிபெயர்த்து அட்டவணை போடாதீர்கள். அது பால் பாகுபாடு இல்லை, பத்துக்கும் மேற்பட்ட வகுப்புகள் உண்டு. 'அபாந்து அபகூலு பயஹம்பா' என்றால் பெரிய மனிதர்கள் போகிறார்கள். 'இஸின்ஜா எஸின்கூலு ஸியஹம்பா' என்றால் பெரிய நாய்கள் போகின்றன. பெயரின் முன்னொட்டு மாறியதும் அடைமொழியும் வினையும் கூடவே மாறுவதைக் காதாலேயே கேட்கலாம், அவ்வளவு அழகு. சிங்களப் பேச்சில் 'லொகு மினிஸ்ஸு யனவா', 'லொகு பல்லோ யனவா' என்று 'லொகு'வும் 'யனவா'வும் அசையாமல் நிற்கும். ஆனால் உயிருள்ளது, உயிரற்றது என்ற பிரிவு அங்கே முக்கியம்: மனிதரும் நாயும் 'இன்னவா', புத்தகம் 'தியெனவா'.

ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒப்பிட்டால் பாதி விஷயம் போய்விடும். ஜூலுவில் நாம் உச்சுக்கொட்டும் ஒலி ஒரு சாதாரண மெய்யெழுத்து. ஜூலு மன்னர் செட்ஷ்வாயோ என்று நாம் எழுதும் பெயர் உண்மையில் அந்த ஒலியில்தான் தொடங்குகிறது. இந்தச் சொடுக்கொலிகள் தென்னாப்பிரிக்காவின் பழங்குடிகளான கோய், சான் மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை, எல்லா ஆப்பிரிக்க மொழிகளுக்கும் பொதுவானவை இல்லை. ஜூலுவில் குரலின் ஏற்ற இறக்கமும் பொருளை மாற்றும்: 'இன்யாங்கா' ஒரு விதமாகச் சொன்னால் நிலா, இன்னொரு விதமாகச் சொன்னால் மருத்துவர், எழுத்தில் இரண்டும் ஒன்றே. சிங்களத்தில் 'கந்த' என்பதில் மூக்கொலியைக் குறுக்கினால் மரத்தின் தண்டு, முழுதாக ஒலித்தால் மலை. சிங்கள எழுத்து அதைப் பிரித்துக் காட்டும், நம் எழுத்து காட்டாது. ஒலிப்பதிவைக் கேட்காமல் ஒலி பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எந்தச் சிங்களம் என்று சொல்லாமல் ஒப்பிடுவது. பேச்சில் 'மம யனவா', 'எயா யனவா', நானோ அவரோ வினை மாறாது. எழுத்து நடையில் 'மம யமி', 'ஒஹு யயி', 'ஒவுஹு யதி' என்று ஆளுக்கேற்ப மாறும். ஜூலுவில் 'ங்கியஹம்பா', 'உயஹம்பா', 'பயஹம்பா'. ஆக, இலக்கணப் புத்தகத்தை விரித்தால் ஜூலுவும் சிங்களமும் இந்த விஷயத்தில் ஒன்று, கண்டிக் கடைத்தெருவில் காது கொடுத்தால் நேரெதிர். ஒரே கேள்விக்கு இரண்டு பதில், இரண்டுமே சரி. ஜூலுவிலும் கிராமத்துப் பேச்சு வேறு, ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் சோத்தோவும் கலந்த ஜோஹன்னஸ்பர்க் நகரின் சொவேட்டோ தெருப்பேச்சு வேறு. அதனால் அட்டவணையின் தலைப்பிலேயே எந்த நடை, எந்த ஊர்ப் பேச்சு என்று எழுதிவிட்டு, பிறகு முதல் கட்டத்தை நிரப்பத் தொடங்குங்கள்.