பச்சோந்திக் கூண்டுக்கு எந்த வலை?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பச்சோந்திக் கூண்டு செய்வதானால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையை விட்டுவிடுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை போடும் அலுமினியக் கடையில் கறுப்பு பவுடர் கோட்டிங் உள்ள அலுமினிய வலை கேளுங்கள். வளர்ந்த வெய்ல்டு (veiled) என்ற வெளிநாட்டு இனப் பச்சோந்திக்குக் கூண்டு 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரம்.

உப்புக்காற்றோடு தினமும் தெளிக்கிற தண்ணீரும் சேர்ந்தால் ஜி.ஐ. வலை, வெட்டிய முனைகளில்தான் முதலில் துருப்பிடிக்கும். ஃபைபர் வலை துருப்பிடிக்காது, மலிவும்கூட. ஆனால் இரைக்கு விடும் சிள்வண்டே கடித்து ஓட்டை போட்டுவிடும். வலையை இறுக்கும் ரப்பர் பீடிங் வெளிப்பக்கம் வரட்டும்: கிழிந்தால் வலையை மட்டும் மாற்றலாம், உள்ளே நகமும் சிக்காது. சூட்டு பல்பை மேல்வலை மீதே வைக்காதீர்கள், அரை அடியாவது உயர்த்தித் தொங்கவிடுங்கள். பச்சோந்தி கூரையில் தலைகீழாகத் தொங்கி நடக்கும், பாதம் பொசுங்கிவிடும்.

ஏ.சி. அறைக்கு இது சரிவராது. ஈரப்பதம் நிற்காது, மூன்று பக்கமும் பிளாஸ்டிக் ஷீட் போட வேண்டும். நம்மூர்ப் பச்சோந்திக்கோ எந்தக் கூண்டும் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம்.